சிக்னலில் அணையும் இன்ஜின்

புதுக் கார் வாங்கும் பிள்ளைகளுக்கு நம் வயதுக்காரர்கள் இப்போது தவறாமல் ஓர் அறிவுரை சொல்கிறோம். "வண்டியை எடுத்தவுடனே அந்தப் பொத்தானை அமுக்கி ஆஃப் பண்ணிடு. சிக்னலுக்குச் சிக்னல் நின்னு நின்னு ஸ்டார்ட் ஆனா இன்ஜின் தேஞ்சு போயிடும்." எந்தப் பொத்தான் என்று கேட்பவர்களுக்காக: 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைச் சுற்றி ஓர் அம்பு வளைந்திருக்கும், அதுதான்.

லஸ் கார்னர் சிக்னலில் வண்டி நிற்கிறது. நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். மறுபடி கிளட்சை மிதித்தால் உயிர் வரும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக்கை அழுத்தி நின்றதும் அணையும், காலை எடுத்ததும் கிளம்பும். ஏற்பாடு இவ்வளவுதான். இது இன்ஜினைத் தேய்க்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிய காலத்தில் நடுத்தெருவில் இன்ஜின் நின்றுவிட்டால் அது பெரிய விஷயம். சோக்கை இழுத்து, சாவியைத் திருகி, அதற்கும் மசியாவிட்டால் டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்துச் சுற்ற வேண்டும். பனகல் பார்க் அருகே அப்படி நின்றால், பின்னால் பல்லவன் பஸ் ஹாரன் அடிக்க, நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். கார்புரேட்டர் வண்டி கிளம்பும்போது பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். அந்த வண்டிகளுக்கு அந்தப் பயம் நியாயமானது. இன்றைய இன்ஜினில் கம்ப்யூட்டர் அளந்து எரிபொருளைத் தெளிக்கிறது. சூடாக இருக்கும்போது அரை நொடி, ஒரு நொடியில் கிளம்பிவிடுகிறது.

இந்த யோசனை புதியதும் அல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பானில் டொயோட்டா இதைச் செய்து பார்த்தது. 1980-களில் இத்தாலியில் ஃபியாட் ரெகாட்டா காரில் வந்தது. 2004-ல் பிரான்சில் சிட்ரோயன் சி3 காரில், ஆல்டர்னேட்டரையே ஸ்டார்ட்டராகவும் பயன்படுத்தும் வாலியோ நிறுவனத்தின் கருவியோடு வந்தது. நம் ஊரில் 2014-ல் ஹீரோ ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கிலும், 2015-ல் மாருதி சியாஸ் டீசல் காரிலும் பார்த்தோம்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வண்டி கிளப்புவதற்கு அந்த மொழியில் 'தெமாரே' என்பார்கள். கரையில் கட்டிய கப்பலின் கயிற்றை அவிழ்ப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். சிக்னலில் நடப்பதற்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது. கப்பல் நீரில்தான் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் போதும். காலையில் முதல் தடவை கிளப்புவதோ கரையில் கிடக்கும் கப்பலைக் கடலில் இறக்குவது மாதிரி.

தேய்மானத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரவு முழுக்க நின்ற இன்ஜினில் ஆயில் வடிந்து அடியில் போய்த் தங்கிவிடும். காலையில் கிளப்பியதும் அது மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். தேய்மானத்தில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான். சிக்னலில் முக்கால் நிமிடம் நின்ற இன்ஜினில் ஆயிலும் சூடாக இருக்கும், அதன் படலமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தவிரவும், இன்ஜின் போதிய சூடு ஏறாத வரை இந்த ஏற்பாடு வேலையே செய்யாது.

ஆனால் ஒன்றுமே உரசாது என்றும் சொல்ல முடியாது. கிராங்க் ஷாஃப்ட் நிற்கும்போது பேரிங்கின் மேல் இறங்கி உட்காரும். சுழல ஆரம்பித்த பிறகுதான் ஆயில் அதைத் தூக்கிப் பிடிக்கும். இது தெரிந்துதான் இப்படிப்பட்ட இன்ஜின்கள் பலவற்றில் பேரிங்குக்குத் தனிப் பூச்சு கொடுக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 12 சிக்னல், வருடத்துக்கு 300 நாள் என்றால் 3,600 தடவை. பத்து வருடத்தில் 36,000. சாதாரணக் காரை நாளைக்கு 4 தடவை கிளப்பினால் அதே பத்து வருடத்தில் 12,000 தான். ஆகவே ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேலை பல மடங்கு கூடுகிறது. அதற்கேற்ற வலுவான ஸ்டார்ட்டரைத்தான் இந்தக் கார்களில் வைக்கிறார்கள். சிலவற்றில் பல்சக்கரம் மோதாமல் பெல்ட் வழியாகவே இன்ஜின் சுழல்கிறது. மேனுவல் காரில் கிளட்சுக்கும் ஒரு லாபம் உண்டு. சிக்னல் முழுக்க கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது கிளட்ச் பேரிங்கைத் தின்னும். இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமென்றால் காலை எடுத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் செலவு எங்கே? பேட்டரியில். இந்தக் கார்களுக்கு வேறு வகை பேட்டரி, விலை கூடுதல். பேட்டரிக்குப் பரம விரோதி வெயில், அது நம் ஊரில் தாராளம். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போய்க் காய்கறி வாங்கித் திரும்பும் குட்டிப் பயணங்களில் பேட்டரி முழுதாக சார்ஜும் ஆகாது.

மந்தைவெளியில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் மனைவியை வாரம் மூன்று நாள் அடையாறு பக்கம் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர். நாலாவது வருடம் பேட்டரி போனது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஒரு கடையில் மலிவான சாதாரண பேட்டரியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. மே மாத மத்தியானம், சிகிச்சை முடிந்து சோர்ந்திருந்த மனைவி பின் சீட்டில், சிக்னலில் அணைந்த இன்ஜின் மறுபடி கிளம்பவில்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த அம்மாவை வீட்டில் கொண்டு போய் விட்டார்கள். இப்போது சரியான பேட்டரி போட்டாயிற்று. ஆனாலும் அவர் வண்டியில் ஏறியதும் அந்தப் பொத்தானைத்தான் முதலில் அமுக்குகிறார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி கிளம்பும் என்ற நிச்சயம் அவருக்குப் பெட்ரோலைவிடப் பெரிது.

மற்றவர்களுக்குப் பெட்ரோல் கணக்கு. 12 சிக்னலில் முக்கால் முக்கால் நிமிடம் என்றால் நாளைக்கு 9 நிமிடம். சிறிய கார் சும்மா நின்றால் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 34 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,400 ரூபாய். ஆனால் கோடையில் ஏசி கம்ப்ரஸரை ஓட்டுவதற்காக இன்ஜின் சீக்கிரமே விழித்துக்கொள்ளும், அல்லது அணையவே அணையாது. பாதிதான் மிச்சம் என்று வைத்தால் 1,700. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் பேட்டரிக்குக் கூடுதலாகும் சில ஆயிரம் போக, கையில் நிற்பது கொஞ்சம்தான்.

காருக்கு வெளியே இருப்பவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவைத் திருப்பிவிட்ட நாட்களில் எத்தனை வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன! அந்தப் புகையை ஸ்கூட்டர்காரரும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களும், போக்குவரத்துக் காவலரும்தான் சுவாசிக்கிறார்கள். சிக்னலில் இன்ஜினை அணையுங்கள் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருடமாகச் சொல்லி வருவதும் சும்மா இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் நாம் சொல்ல வேண்டியது வேறு. இன்ஜின் தேய்ந்துவிடும் என்று பயப்படாதே. கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்று, காலம் தவறாமல் மாற்று. பேட்டரி மாற்றும்போது அதே வகையைக் கேட்டு வாங்கு. மார்கழிக் காலையில், ஏசி இல்லாமல், நன்றாக ஓடிய பிறகும் சிக்னலில் இன்ஜின் அணையவில்லை என்றால் பேட்டரி பலவீனமாகி இருக்கலாம், அன்றே சோதித்துவிடு. தண்ணீர் தேங்கிய தெருவிலும், அங்குலம் அங்குலமாக நகரும் ரங்கநாதன் தெரு பக்கத்து நெரிசலிலும் பொத்தானை அமுக்கி நிறுத்திக்கொள்.

பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு: எல்லா சிக்னலிலும் சாவியைத் திருக வேண்டாம், அந்த ஸ்டார்ட்டர் அதற்காகச் செய்ததல்ல. எண்கள் இறங்கும் சிக்னலில் நூறுக்கு மேல் காட்டினால், இன்ஜினும் சூடாக இருந்தால், தாராளமாக அணைக்கலாம். பத்து எண்ணும்போது கிளப்பினால் போதும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார். அணைக்காமல் நின்றாலும் அடிப்பார்.