கடைசி வகுப்புக்கு ஒரு திட்டம்

எங்கட எழுத்துப் பயிற்சிப் பாடத்தின் கடைசி வகுப்பு வருகிற வெள்ளிக்கிழமை. "என்ன செய்யிறது எண்டு நீங்களே முடிவெடுங்கோ" என்று மிஸ் சொல்லிவிட்டா. கையில் இருப்பது இரண்டு மணித்தியாலம். நாங்கள் 32 பேர்.

வட்ஸ்அப் குரூப்பில் முதலில் வந்த யோசனை கேக்கும் ரோல்ஸும் குரூப் போட்டோவும். அடுத்தது, பாஸ் பேப்பர் செய்து பார்ப்பது. இரண்டும் நல்லதுதான். ஆனால் எந்தப் பாடத்தின் கடைசி வகுப்பிலும் அவற்றைச் செய்யலாம். இந்தப் பாடத்துக்கென்றே ஒன்று வேண்டும் என்று கன்ரீனில் இருந்து கதைத்தோம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை நாங்கள் எழுதியதெல்லாம் புள்ளி போடுகிற ஒருவருக்காக. ரியூஷனில் தந்த கட்டுரையைப் பாடமாக்கி, பரீட்சையில் அப்படியே இறக்கிவிட்டு வருவோம். இந்த வகுப்பின் முதல் வாரத்திலும் அதுதான் நடந்தது. 'எங்கள் ஊரின் காலை' என்று தலைப்புத் தந்தால், எல்லாருடைய ஊரிலும் ஒரே காலை. கதிரவன் எழுந்தான், பறவைகள் பாடின, தென்றல் வீசியது. ஹட்டனிலும் மன்னாரிலும் ஒரே தென்றல்!

"இதை ஆருக்குச் சொல்லுறீங்கள்?" என்று மிஸ் ஒவ்வொரு கிழமையும் கேட்டுக் கேட்டுத்தான் அது மாறியது. மன்னார்க் காலைக்குள் தெருவை மறித்து நிற்கிற கழுதைகள் வந்தன. மட்டக்களப்புக் காலைக்குள் "மனே" என்று கூப்பிடுகிற அம்மம்மா வந்தா. ஹட்டன் காலைக்குள் பெரட்டுக் களமும், இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிற அம்மாவும் வந்தார்கள்.

ஆகவே கடைசி வகுப்பில் அந்தக் காலைகளை நாங்களே வாசிப்பது என்று முடிவெடுத்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம். புள்ளி இல்லை. விளங்காத சொல் வந்தால் வாசித்து முடித்த பிறகு கேட்கலாம்.

ஹட்டன் தோழி மட்டும் மாட்டேன் என்றாள். "நான் வாயைத் திறந்தாலே 'நீங்க இந்தியாவா'ன்னு கேக்குறாங்க. இதை வேற வாசிக்கணுமா?"

"அப்ப நான் வாசிக்கிறன்" என்றாள் யாழ்ப்பாணத் தோழி.

"நீங்க வாசிச்சா அது எங்க வீடா இருக்காது."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. வாசிக்கிறவருக்குத் துணிவு இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. ஒருவரும் முன்னுக்குப் போய் நிற்கத் தேவையில்லை, கதிரைகளை வட்டமாகப் போடுவோம் என்று எழுதினோம். ஆர் எப்படிக் கதைக்கிறார் என்பதைப் பற்றி ஒரு பகிடியும் வேண்டாம் என்றும் சேர்த்தோம்.

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "என் பேரை முன்னாடி போடுங்க. கடைசி வரைக்கும் பயந்துகிட்டு இருக்க ஏலாது."

ஆறாவதாகப் போட்டிருக்கிறோம். எல்லாரும் வாசிக்க 96 நிமிடம் போகும். மிச்சம் 24 நிமிடம் கேக்குக்கும் போட்டோவுக்கும் காணும். பாஸ் பேப்பரை விடுதியில் செய்துகொள்வோம்.