அமோஸின் காலணி

ஜனவரி 25

நாஜிகளின் கொலைமுகாமாக இருந்த ஆஷ்விட்ஸின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சின்னக் காலணியின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கையால் எழுதிய பெயர்: அமோஸ் ஸ்டைன்பெர்க். கூடவே அவனை ஏற்றிச் சென்ற ரயிலின் குறியீடு, ஏற்றப்பட்டோர் பட்டியலில் அவனுக்கு இட்ட எண். 2020-இல் பராமரிப்புப் பணியின்போதுதான் இது கண்ணில் பட்டிருக்கிறது. இன்னொரு காலணிக்குள் ஹங்கேரிய மொழிக் காகிதங்கள் செருகியிருந்தனவாம்.

அமோஸ் பிறந்தது 1938 ஜூன் 26. ப்ராகில் வாழ்ந்த யூதக் குடும்பம். 1942 ஆகஸ்டில் அப்பா லுட்விக், அம்மா இடாவோடு யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டான். 1944 அக்டோபரில் அங்கிருந்து ஆஷ்விட்ஸ். அப்பாவை வேறு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். தாயும் மகனும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். இறங்கியதும் இருவரையும் நச்சுவாயு அறைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்கிறது அருங்காட்சியகம். அவனுக்கு ஆறு வயது.

ஜனவரி 26

காலணியில் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொண்டவள் இடாவாகத்தான் இருக்கும் என்று அருங்காட்சியகத்தார் கருதுகிறார்கள். எனக்கும் சந்தேகமில்லை. பல குழந்தைகள் கூடும் இடத்தில் தன் பிள்ளையின் பொருள் மாறிப்போகக் கூடாது என்று எந்த அம்மாவும் செய்கிற காரியம்தானே. நாளைக்கும் அவன் இதைப் போட்டு நடப்பான் என்று நம்பியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட நம்பிக்கையை நாஜிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். குளிக்கப் போகிறீர்கள், துணி மாட்டிய கொக்கியின் எண்ணை நினைவில் வையுங்கள், காலணிகளை ஜோடியாகக் கட்டி வையுங்கள் என்று சொல்லித்தான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். திரும்பி வந்தால் தேட வேண்டாமே என்று எத்தனை தாய்மார்கள் குனிந்து முடிச்சுப் போட்டிருப்பார்கள்! பிள்ளைமேல் வைத்த அக்கறையையே கொலைக்கு வசதியாக்கிக்கொண்ட இந்தக் கயமையை நினைக்க நினைக்க நெஞ்சு கொதிக்கிறது.

ஜனவரி 27

1945-இல் இதே நாளில் சோவியத் படை ஆஷ்விட்ஸை விடுவித்தது. அங்கே கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 2,32,000 பேர். படை நுழைந்தபோது அங்கே உயிரோடு இருந்த குழந்தைகள் சுமார் 700. அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் ஏறக்குறைய 1,10,000 காலணிகளில் 8,000 குழந்தைகளுடையவை.

லுட்விக் பிழைத்தார். மனைவியும் மகனும் வந்திறங்கிய அதே அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸிலிருந்து டாஹாவ் வதைமுகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அதன் கிளை முகாமான கௌஃபெரிங்கில் விடுதலை கிடைத்தது. எந்த மனநிலையோடு அவர் வெளியே நடந்திருப்பார் என்று யோசிக்கவே முடியவில்லை.

2023-இல் அந்த 8,000 காலணிகளையும் பாதுகாக்கும் பணி தொடங்கியது. ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி நீக்கினார்கள், படம்பிடித்துப் பதிவுசெய்தார்கள். புதிதாக்கவில்லை. அதுதான் சரி. ஓடியாடித் தேய்ந்த தேய்மானம் அந்தந்தக் குழந்தைக்குச் சொந்தம். இந்த வேலையைச் செய்தவர்கள் நாள் முழுக்கக் கையில் ஏந்தியிருந்தது குழந்தைகளின் காலணிகளை. எப்படித்தான் தாங்கினார்களோ.