ஐந்நூற்று ஒண்ணாவது யூனிட்

பிரிட்டனில் இருக்கும் என் அத்தை மகனுக்கு கரன்ட் கட்டணம் என்பது செல்போன் பிளான் மாதிரி. வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வைத்திருக்கிறான். அதற்கென்றே அங்கே தனி பிளான்கள் உண்டு. குறிப்பிட்ட சில மணி நேரம் கரன்ட் மலிவு. அப்போது வீட்டைச் சூடேற்றி வைத்துக்கொண்டு, சாயங்காலம் விலை ஏறும் நேரத்தில் மெஷினைக் குறைத்துவிடுவான்.

ஹீட் பம்ப் என்றதும் மிரளாதீர்கள். நம் வீட்டு ஏ.சி.யும் அந்த ஜாதிதான். இது அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அது வெளியே இருக்கும் கொஞ்சநஞ்ச சூட்டை அள்ளி உள்ளே கொட்டுகிறது.

2025 கோடையில், சேவுகம்பட்டியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் ஒரு ஏ.சி. மாட்டிக் கொடுத்தான். அத்தைக்கு எழுபத்து மூணு வயது, பிரஷர் வேறு. கண்ணுக்கெட்டும் தூரத்தில் மலை இருந்து என்ன, சித்திரை வைகாசியில் மொட்டை மாடி சூடு நடுராத்திரிக்கும் இறங்காது. ஆனால் அத்தை பதினோரு மணிக்கே ஏ.சி.யை அணைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினசரி காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே மீட்டர் கணக்கு.

“ஐந்நூறைத் தாண்டினாப் போச்சு மருமகனே. ஒட்டுமொத்தமா கூடப் போட்டுருவாங்க.”

“நான்தானேம்மா பில் கட்டுறேன்” என்று மகன் போனில் கத்தியும் பலனில்லை. யார் கொடுத்தாலும் காசு காசுதானே!

நம் ஊரில் வீட்டுக்காரர் பிளானைப் பொறுக்க முடியாது. இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பதுதான் கட்டணத்தை முடிவு செய்கிறது. அத்தையின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறும் வரை, 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 காசு! ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய். பி.காம். படித்த எனக்கு இதில் இருந்த நியாயம் கடைசி வரை புரியவில்லை.

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது இருந்த 2024 ஜூலை கட்டணப்படி 500க்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048 ரூபாய் 40 காசு. முதல் 100 அப்போது எல்லோருக்கும் இலவசம். அடுத்த 100க்கு மட்டும், ஐந்நூறுக்குள் நின்றவர்களுக்குப் பாதி விலையாக இருந்தது. தாண்டினால் அந்தச் சலுகை, அதாவது 235 ரூபாய், போய்விடும். அதற்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. அவ்வளவுதான்.

அத்தை வீட்டில் ஏ.சி. இல்லாமல் 260 யூனிட் ஓடும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யை 27ல் வைத்து, ஃபேனையும் போட்டுக்கொண்டால், ராத்திரிக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அறுபது நாளைக்கு 300. ஆக 560, பில் 2,544 ரூபாய். ஐந்நூறோடு நிறுத்துவதைவிட 739 ரூபாய் கூடுதல்.

“ராத்திரிக்குப் பன்னிரண்டு ரூபா சொச்சம் அத்தை. உங்க பிரஷர் மாத்திரையை யோசிச்சுப் பாருங்க.”

காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

“அப்ப நாலு மணி வரைக்கும் ஓடட்டும். அதுக்கு மேல ஜன்னலைத் திறந்தா கொஞ்சம் காத்து வரும்.”