இரண்டு சுண்டு மா

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு சிறு கிராமம். என் கணவர் கடற்றொழில் செய்தவர். 2017ஆம் ஆண்டு அவர் நோயுற்று இறந்தபின், இடியப்பம் அவித்து விற்றே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். விடியற்காலையில் கடலால் வருபவர்களும் சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடையும்தான் என் வாடிக்கை.

2022இல் நாட்டில் நெருக்கடி வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. உழைப்பில்லாதவர்கள் இடியப்பம் வாங்குவார்களா? கடைக்காரரும் இனி வேண்டாம் என்றுவிட்டார்.

பசியைவிட என்னை வருத்தியது வேறொன்று. பக்கத்து வீட்டு மாமி புறப்படும் நேரம் நான் படலையில் நின்றால், உள்ளே திரும்பிப் போய்ச் சற்றுப் பொறுத்தே வெளிக்கிடுவார். முழிவியளம் சரியில்லையாம். இதைப் பார்த்துப் பார்த்து, ஒழுங்கையில் ஆட்களைக் கண்டால் நானே ஒதுங்கப் பழகிவிட்டேன். அரிசி, பருப்புத் தந்து உதவியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால், என்னிடம் எதையாவது கேட்டு வந்தவர் ஒருவருமில்லை.

அந்நாட்களில் ஒரு ஞாயிறு, பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணைப் பற்றிச் சொன்னார். 1 அரசர்கள் 17ஆம் அதிகாரத்தில் வரும் கதை. பஞ்சகாலம். மிஞ்சிய ஒரு பிடி மாவில் மகனுக்கும் தனக்கும் அப்பம் சுட்டுத் தின்றுவிட்டுச் சாக நினைத்து விறகு பொறுக்குகிறாள். அவளிடம் எலியா இறைவாக்கினர் வந்து, முதலில் தனக்கு ஓர் அப்பம் கேட்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஒன்றுமில்லாதவளிடமா கேட்பது?

அன்று பின்னேரம் வேலிக்கு அப்பால் மாமியின் குரல்.

"பிள்ளை, மருமகள் பிள்ளை பெத்ததிலையிருந்து ஒண்டும் சாப்பிடுறாளில்லை. உன்ரை இடியப்பம் எண்டால் ரெண்டு சாப்பிடுவன் எண்டு சொல்லுறாள். கொஞ்சம் அவிச்சுத் தாறியே?"

வீட்டில் இருந்தது இரண்டு சுண்டு மா. முழிவியளத்துக்கு ஆகாதவளின் கை இடியப்பத்துக்கு மட்டும் ஆகுமோ என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் காலையில் கேட்டது வேறு விதமாக விளங்கியது. எலியாவைப் பணக்காரர் வீட்டுக்கு ஆண்டவர் அனுப்பவில்லை. சீதோன் நாட்டில், சாகத் துணிந்த ஒரு கைம்பெண்ணிடம் அனுப்பினார். 'உன்னாலும் ஒருவருக்குச் சோறு போட முடியும்' என்று அவளுக்குக் காட்டுவதற்கும் அல்லவா அனுப்பியிருப்பார்! நாசரேத்தூரில் இயேசு அவளை நினைவுகூர்ந்ததாக லூக்கா 4ஆம் அதிகாரம் சொல்கிறது.

"சரி மாமி" என்றேன். ஒரு சுண்டில் அவித்துக் கொடுத்தேன். மற்றதை என் பிள்ளைகள் சம்பலோடு சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலை மாமி ஒரு பை அரிசிமாவுடனும் ஒரு கட்டுப் பனைமட்டையுடனும் வந்தார். "மாவை நாங்கள் தாறம், நீ அவிச்சுத் தந்து கூலியை எடு" என்றார். காஸ் விலையேறியதால் அடுப்பு மூட்ட வழியற்றிருந்த வேறு மூன்று வீடுகளுக்கும் சொல்லிவிட்டார். கைமுதல் இல்லாமலே என் தொழில் மறுபடி தொடங்கியது.

அதன்பின் என் மாப்பெட்டி வெறுமையாகவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வெறும் தேநீரோடு படுத்த இரவுகளும் உண்டு. ஆனால், விடிந்தால் என்னை எதிர்பார்ப்பவர்கள் இருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் மாமி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கப் பார்த்தார். நான் கையைப் பின்னால் இழுத்தேன். "என்ன பிள்ளை, வாங்கு" என்றார். வாங்கினேன்.

மாமி முழிவியளம் பார்ப்பதை விட்டாரோ தெரியாது. நான் ஒதுங்குவதை விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள். அவளுக்குக் கொடுங்கள். அதோடு, அவளிடம் ஏதாவது கேட்டும் பாருங்கள்.