சோளக்குருவிக்கு இரண்டு கணக்கு

தாம்பரம் தாண்டி மாடம்பாக்கம், அகரம்தென், பொன்மார் பக்கம் போனால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாக வயல்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில், பொழுது சாயும் நேரத்தில் இந்தப் பகுதி வானத்தில் ஒரு பெரிய கூட்டம் திரளும். நூற்றுக்கணக்கில், சில நாள் ஆயிரக்கணக்கில், ஒரே உடம்பு போலத் திரும்பி, சுருங்கி, விரிந்து, கடைசியில் ஏரிக்கரை கோரையிலும் மரங்களிலும் சளசளவென்று இறங்கும். அவைதான் சோளக்குருவிகள். சூறைக்குருவி என்றும் சொல்வார்கள்.

நம் வீட்டு நாகணவாய்க்கு இது பங்காளி. உடம்பு வெளிறிய ரோஜா நிறம். தலை, கழுத்து, இறக்கை, வால் எல்லாம் கறுப்பு. தலையில் பின்பக்கம் சாய்ந்த கொண்டை. இளம் பறவைகள் மட்டும் மண் நிறத்தில், மஞ்சள் அலகோடு திரியும். வெயில் பட்டால் அந்தக் கறுப்பில் ஊதாவும் பச்சையும் மின்னும். இது வெறும் சாயத்தால் வரும் நிறம் அல்ல. இறகுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுக்கம். சோப்பு நுரையில் நிறம் தெரிவதும் இப்படித்தான். இதே குடும்பத்தில் ஆப்பிரிக்காவில் வாழும் பளபளப்பு மைனாக்களுக்கு இந்த மினுக்கம் இன்னும் அதிகம். உடம்பே நீலமும் பச்சையுமாக உலோகத் தகடு போல ஜொலிக்கும்.

அழகு இருக்கட்டும், கதிரைத் தின்றுவிட்டுப் போனால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விதான். சோளமும் கம்பும் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், ஒரே காலையில் பட்ட பாடெல்லாம் வீணாகும். அதிலும் சுற்றிலும் மனை போட்டுவிட்ட ஊரில் ஒற்றை வயல் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். முன்பு நூறு வயலில் பிரிந்து மேய்ந்த கூட்டத்துக்கு, இப்போது அந்த ஒரு வயல்தான் கண்ணில் படும். கடன் வாங்கி விதைத்தவருக்கு வரும் கோபத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், இந்தப் பறவைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெயில் ஏறத் தொடங்கியதும் இது மத்திய ஆசியாவுக்குத் திரும்பிவிடும். அங்கே கற்குவியல்களுக்கு இடையே கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு முக்கிய இரை வெட்டுக்கிளி. சீனாவின் சின்ஜியாங் பகுதியில், 1980-களிலிருந்து இதற்காகவே கற்களை அடுக்கிக் கூடு அமைத்துக் கொடுத்து, வெட்டுக்கிளிக்கு அடிக்கும் மருந்தைக் குறைத்தார்கள். நம் நாகணவாயும் இந்த வேலைக்குப் போனதுதான். 1762-ல் மொரீஷியஸ் தீவின் வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்த, இந்தியாவிலிருந்து அதைக் கொண்டுபோனார்கள்.

நம் ஊரிலும் இது தானியத்தை மட்டும் தின்பதில்லை. மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சியைப் பிடிக்கும். ஆல், அரசு பழங்களைத் தின்று விதையைப் பரப்பும். கல்யாண முருங்கைப் பூவில் தேன் குடிக்கும்போது, தலையில் ஒட்டும் மகரந்தத்தை அடுத்த மரத்துக்கு எடுத்துப் போகும்.

அதனால், விஷம் கலந்த தானியம் வைப்பது எந்த வகையிலும் தீர்வு ஆகாது. அது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதே தானியத்தை மயிலும், வீட்டுக் கோழியும் பொறுக்கும் என்பது இன்னொரு பக்கம்.

செய்யக்கூடியது பருவம் பார்த்து நடந்துகொள்வதுதான். பயிர் இளசாக, பூச்சி ஏறும் காலத்தில் 'டி' வடிவப் பறவை தாங்கிகளை நட்டு, பறவைகளுக்கு உட்கார இடம் கொடுக்கலாம். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு கதிர் மட்டத்துக்கு மேலே பளபளப்பு ரிப்பனை முறுக்கிக் கட்டலாம். சில நாளில் பறவைக்கு அது பழகிவிடும் என்பதால், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விடியலிலும் பொழுது சாயும் முன்பும் தகரம் தட்ட ஓர் ஆள் தேவை. பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசி ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பலருக்கும் பிரியும். ஒருவர் தலையில் விழாது.

காவல் தேவைப்படுவது கதிர் முற்றும் அந்தச் சில வாரங்களுக்குத்தான். மற்ற நாளெல்லாம் சோளக்குருவி கூலி கேட்காமல் பூச்சி பொறுக்கும் ஆள்.