இரண்டு அங்குலம்

ஹைலக்ஸை 2 அங்குலம் உயர்த்திய மறுநாள் காலை, அப்பா அதன் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றார். ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து இடது காலைத் தூக்கினார். முட்டி மடங்க மறுத்தது. காலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் ஏதோ தூசி இருப்பதைப் போலத் துடைத்தார். மறுபடி தூக்கவில்லை.

“நீ ஓட்டிட்டுப் போ தம்பி. நான் மோட்டார்ல வர்றேன்.”

அந்த வண்டியில் அப்பா பயணியாகக்கூட ஏறாமல் போன முதல் நாள் அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வண்டி கம்பீரமாக இருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1994-ஆம் ஆண்டு வண்டி. எல்என்106 என்று சொன்னால் ஃபோர்வீல் கிறுக்கு உள்ளவர்களுக்குக் கண் விரியும். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது. முன்னாலும் பின்னாலும் ஒரே இரும்பாக அச்சு, நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டிக்கு எஞ்சின் வைத்த மாதிரி என்று என் நண்பன் சொல்வான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொல்வான். உடைந்தால் சுத்தியலும் ஸ்பேனரும் போதும், கம்ப்யூட்டர் வேண்டாம்.

அப்பா அதை 2001-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அதற்கு முன் தோட்டத்து லோரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, முதுகு போய் இறங்கியவர். பீடோருக்கு வெளியே 4 ஏக்கர் செம்பனைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, குலைகளை ஏற்றத்தான் ஹைலக்ஸ். குலையோடு உர மூட்டை ஏறியது. தீமிதிக்கு விறகு ஏறியது. பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்தபோது பந்தல் கம்பிகளும் நாற்காலிகளும் ஏறின. என்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டதும் அதே வண்டிதான். விடுதி வாசலில் அதைத் தூரமாக நிறுத்தச் சொன்னவன் நான்.

பிறகு கோலாலம்பூரில் வேலை, அடுக்குமாடி வீடு, சனிக்கிழமை நண்பர்கள். அவர்களில் பாதிப் பேரிடம் உயர்த்திய பிக்கப்புகள் இருந்தன. வார இறுதியில் காட்டுக்குள் போவார்கள். ஒருவன் சேற்றில் மாட்ட, இன்னொருவன் விஞ்ச் போட்டு இழுக்க, மூன்றாமவன் படம் எடுப்பான். நான்காவது சீட்டில் உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தேன். அப்போதுதான் பீடோர் வீட்டுச் செட்டில் ஒரு எல்என்106 நிற்பது நினைவுக்கு வந்தது. எந்த வண்டியைப் பார்த்து ஒரு காலத்தில் கூசினேனோ, அதற்கு இப்போது என் கூட்டத்தில் தனி மரியாதை இருந்தது.

“உயர்த்திக்கட்டுமா?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“என்னாத்துக்கு?”

“ஸ்பிரிங்கெல்லாம் உட்கார்ந்து போச்சுப்பா.”

அது பொய்யில்லை. மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தோம். பின்பக்கப் பட்டைகள் வளைவே இல்லாமல் நேராகிப் போயிருந்தன. வலது பக்கம் இடதைவிட முக்கால் அங்குலம் தாழ்வு. டிரைவர் பக்கம். ஒரே ஆள் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்த பக்கம்.

“அதுக்குப் புதுசு எதுக்கு? பட்டறையில கொடுத்தா தட்டி வளைச்சுத் தருவான்” என்றார். நான் ஏற்கெனவே ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து செட் வாங்கியிருந்தேன். நான்கு ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், ஷேக்கிள், புஷ், யூ-போல்ட். அதைச் சொன்னதும் அப்பா அடுத்த கேள்வி கேட்கவில்லை. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை இரண்டு நண்பர்கள் வந்தார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் இரவே நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து வைத்திருந்தோம். பாதிதான் அசைந்தன. மீதியை கிரைண்டரால் அறுத்தோம். ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் நுழைய விட்டார் அப்பா. “ஜாக்கியை நம்பி உள்ள போனவன் ஒருத்தனை எனக்குத் தெரியும்” என்றார். அந்தக் கதையை முடிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பழைய ஸ்பிரிங்கை இறக்கியதும் அச்சு கீழே தொங்கியது. “பிரேக் ஹோஸைப் பாரு” என்றார். ரப்பர் குழாய் நரம்பு மாதிரி விறைத்திருந்தது. புதிய ஸ்பிரிங்கில் சக்கரம் இன்னும் கீழே இறங்கும்போது அது அறுந்துவிடலாம். மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடி, நீளமான ஹோஸ் வாங்கி வந்தோம். ஷேக்கிள் போல்ட்டை என் நண்பன் முழு பலத்தோடு முறுக்கப் போனபோது, “இப்ப வேணாம்பா. எறக்கி வச்சுட்டுத்தான் கடைசி முறுக்கு” என்றார். சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய பிறகே முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் புஷ் தப்பான நிலையில் இறுகிவிடும், இறக்கியதும் முறுகிக் கிழியும். “அங்கிள், நீங்க எங்க படிச்சீங்க?” என்று அவன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார்.

ஞாயிறு மாலை வேலை முடிந்தது. வண்டி நெஞ்சு நிமிர்த்தி நின்றது. அப்பா சுற்றி வந்தார். குனிய முடியாமல் குனிந்து, பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃப்பைக் காட்டினார்.

“இது ஏறலையே?”

ஏறாது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்புதான் உயரும். அச்சும் டிஃப்பும் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அவை உயர வேண்டுமென்றால் பெரிய டயர் போட வேண்டும், 2 அங்குலம் பெரிய டயர் போட்டாலும் ஓர் அங்குலம்தான் கிடைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதை அப்பா அத்தனை எளிதாகக் கேட்டது பிடிக்கவில்லை.

“பாக்கறதுக்கு உசரம். இடிக்கிற இடம் அதே இடம்தான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “ஜேபிஜேகாரன் கேட்டா என்னா சொல்லுவ?” அனுமதி வாங்காத உயரம் அது. 2 அங்குலத்தையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது மட்டும் திரும்பி, “பின்னால அந்தக் கம்பியைப் பாத்தியா?” என்றார். எந்தக் கம்பி என்று கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. பார்த்துவிட்டேன் என்றேன்.

பிறகு அப்பா ஏறுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பழைய சோடா பெட்டி. அதைக் கவிழ்த்துப் போட்டால் ஏறலாம். ஏறிய பிறகு யாராவது அதை எடுத்துப் பின்னால் போட வேண்டும். இறங்கும்போது மறுபடி எடுத்து வைக்க வேண்டும். இரண்டு வாரம் அப்படி நடந்தது. பிறகு அவருக்குத் தோட்டத்தில் வேலை குறைந்துவிட்டது. சந்தைக்கு அம்மாவே மோட்டாரில் போய்வந்தார். “முட்டி வலி, நீ போயிட்டு வா” என்பது வழக்கமாயிற்று. நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வண்டியை கோலாலம்பூருக்கே கொண்டுபோனேன்.

மூன்றாவது மாதம் உரம் போடும் சமயம் வந்தது. வண்டியோடு பீடோருக்கு வந்து 50 கிலோ மூட்டைகள் பத்து ஏற்றினேன். அரை டன். பழைய டிரங்க் ரோட்டில் வரும்போது சிவப்பு விளக்கு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் குப்புற அமிழ்ந்தது, முன் டயர்கள் கத்தின, வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு மோட்டார். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். நான் அறியாமலே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, புல்லில் ஏறி, ஒரு கால்வாய்க்கு ஓரடி முன்னால் நின்றேன். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. அதுவரை அவளுக்கு எதுவுமே தெரியாது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. டார்ச் கொண்டுவரச் சொன்னார். நான் அடியில் படுத்து அவர் சொன்ன இடத்தில் அடித்தேன். பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதன் முனையில் கைக்கு அடங்கும் ஒரு வால்வு.

“பாரம் ஏத்துனா வண்டி அமுங்கும்ல? அமுங்குனா அந்தக் கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்குக் கூடுதலா பவர் போகும். காலியா இருந்தா தள்ளாது, பின் பிரேக் கம்மியா புடிக்கும். இல்லன்னா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு இழுத்துக்கும்.” கொஞ்சம் மூச்சு விட்டார். “இப்ப நீ உசத்திட்ட. அரை டன் ஏத்தியும் அது அமுங்கலை. அதுக்கு இன்னும் காலி வண்டின்னுதான் நெனப்பு.”

வண்டியைப் பற்றித்தான் சொன்னார். அடியில் படுத்திருந்த நான் வெளியே வர நேரமாயிற்று.

அந்தக் கம்பிக்கு ஒரு சின்னத் தாங்கி அடித்துப் போட்டால் சரியாகிவிடும். உயர்த்துகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் அது ஒன்று. நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். பக்கவாட்டில் ஒரு படியும் வைத்துவிட்டால் அப்பாவும் ஏறலாமே என்றார்கள். சரியான யோசனைதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அந்த வண்டியை நான் எதற்காக உயர்த்தினேன் என்பதற்கு வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பதிலும் என்னிடம் இல்லை. அப்பா சேற்றிலிருந்து வெளியே வரத்தான் அதை வாங்கினார். நான் சேற்றைத் தேடிப் போவதற்காக அதை உயர்த்தினேன். சேறு ஒன்றுதான். அவருக்கு அதில் டன்னுக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது. எனக்குப் படம் இருந்தது.

பழைய ஸ்பிரிங்குகள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தன. பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு பட்டையில் விரிசல் இருந்தது, அதை மட்டும் மாற்றினார்கள். புதிய செட் நண்பனுக்குப் போயிற்று. மூன்று மாதமே ஆன யூ-போல்ட்டைத் திரும்பப் போட நினைத்தேன். “ஒரு தடவ இழுபட்டதை மறுபடி நம்பாத” என்று அப்பா புதிதாக வாங்கச் சொன்னார். அந்தக் கம்பியை நாங்கள் தொடவே இல்லை. வண்டி இறங்கியதும் அது தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

காலையில் அப்பா பசியாறிவிட்டு வந்தார். கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து இடது காலை வைத்து, ஒரு முனகலோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்து நின்றது. நான் சுற்றிப் போய் இடது சீட்டில் ஏறினேன்.

எஞ்சினைச் சூடாக விட்டுக்கொண்டே சொன்னார்: “500 கிலோமீட்டர் ஓடட்டும். யூ-போல்ட்டெல்லாம் ஒரு தடவ முறுக்கணும். அதுக்கு வந்துடு.”