முதலில் சுவர், பிறகுதான் கன்சோல்

கன்சோலை வீட்டு இணையத்தில் சேர்க்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சுவரை. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் புளோக் எப்போது கட்டியது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. 1997-இல் ஷெல்டர் சட்டம் வந்த பிறகு எழும்பிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம்ப் ஷெல்டர் இருக்கும்: கம்பி கட்டிய தடித்த காங்கிரீட், இரும்புக் கதவு. குண்டுக்குக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? அதற்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்து, கதவையும் சாத்திவிட்டு, "மாசாமாசம் காசு கட்டுறோம், ஏன் தம்பி இழுக்குது?" என்பார்கள். அந்தச் சுவரைத் துளைத்து கேபிள் விடவும் வழியில்லை. ரவுட்டர்தான் வெளியே வரவேண்டும்.

ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து வேகம் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆட்டத்தை இறக்கத்தான் வேகம் வேண்டும். ஆட அவ்வளவு தேவையில்லை. அனுப்பியது ஒரே சீரான தாமதத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அதில் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் புளோக் எல்லாம் நெரிகின்றன. எவ்வளவு விலையுள்ள ரவுட்டர் வாங்கினாலும் அந்தக் கன்சோலுக்குக் கேபிள்தான் மருந்து. ஹால் அழகு கெடும் என்பவர்கள் மின்கம்பி வழியே போகும் ஹோம்பிளக்கைக் கேட்பார்கள். படம் பார்க்கச் சரி. ஆட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

கேபிள் போட்ட பிறகும் சில வீடுகளில் பிளேஸ்டேஷன் 'நேட் டைப் 3' என்று காட்டும். ஆட்டத்துக்குள் போகலாம், நண்பன் குரல் கேட்காது. காரணம் பெரும்பாலும் இரட்டை ரவுட்டர். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியே ஒரு ரவுட்டர்; அதன் பின்னால் சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய இன்னொன்று. நண்பனின் இணைப்பு உள்ளே வர கன்சோல் யூபிஎன்பி மூலம் வழி கேட்டால் பக்கத்து ரவுட்டர் திறந்துவிடும். வெளியே இருப்பதற்கு அது தெரியவே தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம். வாங்கிய ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 192.168 என்று தொடங்கினால், அதற்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. வாங்கியதை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றினால் அது வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளும், வழி திறக்கும் வேலை ஒரே பெட்டியிடம் இருக்கும். காணொளிகளில் சொல்வதுபோல் கன்சோலை டிஎம்இசட்டில் போட்டு எல்லாக் கதவையும் திறந்துவைப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

மறுபடி சோதித்தால் டைப் 2 வரும். பையன்கள் விடமாட்டார்கள்: "அங்கிள், டைப் 1 வராதா?" வரும், ரவுட்டரே இல்லாமல் கன்சோலை நேராக இணையத்தில் மாட்டினால். அப்போது அம்மாவின் போனுக்கு வைஃபை இருக்காது. அதைச் சொன்னால் டைப் 2-வே போதும் என்று அம்மாவே முடிவு செய்துவிடுவார்.